சக்கரத்தை நம்பிக் கெட்டவன்

"ட்ரெட்மில்ல ஓடுறப்ப முகத்துல காத்து அடிக்குதாடா? அடிக்கலல்ல? அப்புறம் விமானம் மட்டும் எப்படிப் பறக்கும்?"

பத்து வருடத்துக்கும் மேலாக நான் கையில் வைத்திருந்த பிரம்மாஸ்திரம் இதுதான். கன்வேயர் பெல்ட் மேல் நிற்கும் விமானம் கிளம்புமா கிளம்பாதா என்ற பேச்சு எங்கே வந்தாலும் நான் அவசரப்பட மாட்டேன். எல்லோரும் பேசி ஓயட்டும் என்று காத்திருந்து, கடைசியில் இதை எடுத்து விடுவேன். ட்ரெட்மில்லில் ஓடிப் பார்த்த எல்லோருக்கும் தெரியும், எத்தனை வேகமாக ஓடினாலும் முகத்தில் காற்று வராது. அதனால்தானே எதிரே ஒரு மின்விசிறியைப் போட்டுக்கொள்கிறோம்? காற்று வரவில்லை என்றால் இறக்கைக்கு வேலை இல்லை. இறக்கைக்கு வேலை இல்லை என்றால் விமானம் என்பது இருபுறமும் பலகை நீட்டிய ஒரு பேருந்து. கேட்டவர் ஒரு நிமிடம் யோசிப்பார், பிறகு மெதுவாகத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்கு நான் அடிமையாகிவிட்டேன் என்றே சொல்லலாம்.

என்னிடம் இந்தக் கேள்வியை முதலில் போட்டவன் என்னோடு வேலை பார்த்த நண்பன். மதிய இடைவேளை. ஒரு காகிதத்தை மேசையில் வைத்து, அதன் மேல் பேனா மூடியைப் படுக்க வைத்தான். "இதுதான் விமானம். இந்தப் பேப்பர்தான் ஓடுபாதை. ஓடுபாதை முழுக்க ஒரே கன்வேயர் பெல்ட்னு வச்சுக்கோ. விமானம் எவ்வளவு வேகத்துல முன்னாடி போகுதோ, அதே வேகத்துல பெல்ட் பின்னாடி ஓடும். விமானம் பறக்குமா?" நான் மூன்று நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. பறக்காது என்றேன். அவன் சிரித்துக்கொண்டே பறக்கும் என்றான். சாப்பாடு ஆறிப்போனது. அன்றிலிருந்து அடுத்த இரண்டு வாரம் எங்கள் மேசைக்கு யாரும் வருவதில்லை.

அவன் சொன்ன காரணம் எளிமையானது. "சக்கரம் சும்மா சுத்துதுடா, எஞ்சினுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல." எனக்கு அது காதிலேயே ஏறவில்லை. சைக்கிளில் முன்சக்கரமும்தான் சும்மா சுற்றுகிறது, அதற்காக ட்ரெட்மில் மேல் ஏற்றிய சைக்கிள் அறையைத் தாண்டிப் போய்விடுமா என்று திருப்பிக் கேட்டேன். அவன் தடுமாறினான். அவனுக்குச் சரியான விடை தெரிந்திருந்தது, எனக்குப் பதிலடி தெரிந்திருந்தது. இரண்டில் எது சபையில் ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்கு முன்பே, 2008 ஜனவரியில், மித்பஸ்டர்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதை நிஜமாகவே செய்து காட்டியிருந்தார்கள். நீளமான தார்ப்பாய் ஒன்றைத் தரையில் விரித்து, அதன் மேல் சின்னஞ்சிறு விமானம் ஒன்றை நிறுத்தி, தார்ப்பாயை ஒரு வண்டியில் கட்டி எதிர்ப்பக்கமாக இழுத்தார்கள். விமானம் அலட்டிக்கொள்ளாமல் ஓடிக் கிளம்பிப் பறந்தது. நண்பன் அந்தக் காட்சியை எனக்குப் போட்டுக் காட்டினான். நான் பார்த்தேன், முழுதாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "தார்ப்பாய இழுத்தா அது கன்வேயர் பெல்ட் ஆயிடுமா? வேகம் சரியா பொருந்துச்சுன்னு யார் அளந்தா?" என்றேன். அதிலும் எனக்கு ஒரு துரும்பு கிடைத்தது. விமானத்தை ஓட்டியவரே, ஓட்டுவதற்கு முன், அது கிளம்பாது என்றுதான் நினைத்திருந்தார். "விமானிக்கே தெரிஞ்சிருக்கு பாரு" என்று அதையும் என் பக்கம் சேர்த்துக்கொண்டேன். கண் முன்னால் பறந்த விமானத்தை விட்டுவிட்டு, பறக்காது என்று சொன்ன மனிதரைப் பிடித்துக்கொண்டவன் நான். இதை எழுதும்போது கொஞ்சம் கூசுகிறது.

ரப்பர் பேண்டு

என்னைக் கவிழ்த்தது ஒரு ரப்பர் பேண்டு. வீட்டில் துணி காயப்போடுவதற்காகவே வாங்கியதுபோல ஒரு ட்ரெட்மில் இருக்கிறது. விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன், நாலாம் வகுப்பு, அதை ஓட விட்டு அதன் மேல் பொம்மைக் காரை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். வைத்த மாத்திரத்தில் கார் பின்னால் நகர்ந்து தொப்பென்று விழும். மறுபடி எடுத்து வைப்பான். மறுபடி விழும். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விமானக் கேள்வியை அவனுக்கும் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. காரைப் பட்டை மேல் வைத்து, விழாமலிருக்கப் பின்னாலிருந்து ஒற்றை விரலால் முட்டுக் கொடுத்தான். கார் நின்றது. சக்கரங்கள் நான்கும் விர்ரென்று சுற்றின. "மாமா, நான் தள்ளவா?" என்று கேட்டுவிட்டு விரலை முன்னால் நகர்த்தினான். கார் பட்டையை எதிர்த்து ஓடிப் போய் ட்ரெட்மில்லின் முன்மூடியில் முட்டியது.

அவனுக்கு அது ஒன்றுமேயில்லை. அடுத்த முறை தள்ளத் தயாராகிவிட்டான். எனக்குத்தான் ஏதோ இடறியது. "இரு, வேகத்தைக் கூட்டறேன்" என்று இரண்டிலிருந்து நாலாக்கினேன். தள்ளினான், போனது. எட்டாக்கினேன். சக்கரங்களின் சத்தம் கீச்சென்று உயர்ந்தது, ஆனால் கார் முன்பு போலவே போனது. "கஷ்டமா இருக்காடா?" என்று கேட்டேன். "இல்லையே" என்றான். அவனை நகரச் சொல்லிவிட்டு நானே விரலை வைத்தேன். அவன் சொன்னது சரிதான். பட்டை மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் இழுக்கிறது, என் விரலுக்கு அது உறைக்கவே இல்லை. பட்டையின் வேகத்தையெல்லாம் சக்கரங்கள் விழுங்கிவிடுகின்றன. விரல் வரைக்கும் வருவது மிச்சம் மீதி.

விரலை நம்பாமல் ஒரு ரப்பர் பேண்டை எடுத்து வந்தேன். ஒரு முனையைக் காரின் மூக்கில் கட்டி, மறுமுனையை நூலால் ட்ரெட்மில்லின் கைப்பிடியில் கட்டினேன். பட்டை ஓடும்போது ரப்பர் எவ்வளவு இழுபடுகிறதோ அதுதான் பட்டை காரைப் பின்னுக்கு இழுக்கும் விசை. வேகம் இரண்டில் இருக்கும்போது ரப்பர் ஒரு சென்டிமீட்டர் போல நீண்டது. எட்டுக்குப் போனபோது இன்னும் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் இரண்டு. ஸ்கேலைப் பிடித்தபடி முழங்காலில் உட்கார்ந்திருந்த எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வேகம் நான்கு மடங்கு, இழுப்பு ஏறக்குறைய அதே இழுப்பு. அப்படியானால் விமானம் நிற்கும் என்று எனக்கு யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை. நானாக வைத்துக்கொண்டது. காற்று இல்லாமல் விமானம் எழாது என்ற என் வாதத்தில் பொய்யே இல்லை, அதுதான் தொல்லை. செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களைத் திறந்தவெளியில் நிறுத்தும்போது இறக்கைகளையும் வாலையும் கயிறு போட்டுத் தரையோடு கட்டிவைக்கிறார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி மூக்கைத் தூக்கிக் கிளம்பும் விமானம் அது. அந்த வேகத்தில் புயல் எதிரே வந்து அடித்தால், எஞ்சின் ஓடாமல், ஆள் ஏறாமல், நின்ற இடத்திலிருந்தே எழப் பார்க்கும். இறக்கைக்குக் காற்று மட்டுமே கணக்கு என்பதை நான் சரியாகத்தான் பிடித்திருந்தேன். ட்ரெட்மில்லில் ஓடுகிற மனிதன் இருந்த இடத்திலேயே இருப்பதால் அவன் முகத்தில் காற்று இல்லை. விமானமும் அதேபோல இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நடுவே ஒரு படியைச் சோதிக்காமல் தாண்டிவிட்டேன். அதற்கு மேல் கட்டிய மாடியெல்லாம் நேர்த்தியாகத்தான் இருந்தது.

எதைப் பிடித்துத் தள்ளுகிறது?

நாம் பிறந்ததிலிருந்து தரையை உதைத்தே முன்னேறிப் பழகியவர்கள். நடப்பது, ஓடுவது, சைக்கிள், கார் எல்லாமே தரையைப் பின்னால் தள்ளி முன்னால் போகிற வேலைகள். தரை நழுவினால் நாமும் நழுவுவோம். ஆகவே கேள்வியைக் கேட்டதும் உடம்பு முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறது. சைக்கிளை வைத்து நண்பனை மடக்கினேனே, அங்கே அவன் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: சைக்கிளை ஓட்டுவது பின்சக்கரம், அது தரையைத்தான் பிடித்துத் தள்ளுகிறது. விமானத்தில் சக்கரத்தை எந்த எஞ்சினும் சுற்றுவதில்லை. ப்ரொப்பெல்லரோ ஜெட்டோ காற்றைப் பிடித்துப் பின்னால் தள்ளுகிறது. என் விரல் தள்ளியபோது நான் பட்டை மேலா நின்றேன்? ஓடாத தரையில் உட்கார்ந்திருந்தேன். அதுபோல எஞ்சின் பிடித்துத் தள்ளும் காற்றும் பட்டையோடு சேர்ந்து ஓடவில்லை.

எண்களில் போட்டுப் பார்த்தால் என் ரப்பர் பேண்டுக் கதை அப்படியே வருகிறது. போயிங் 737-800 விமானம் முழுச் சுமையோடு சுமார் 79 டன். அதன் இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து ஏறத்தாழ 24 டன் எடையைத் தூக்கும் அளவுக்குத் தள்ளும். டயர் உருள்வதால் வரும் தடை, நல்ல தளத்தில், எடையில் ஒன்றரை சதவீதம் என்று வைத்தால் 1.2 டன்தான் வருகிறது. பட்டை ஓடி அது இரட்டிப்பானாலும்கூட 2.4 டன். 24 டன் தள்ளுகிற இடத்தில் அது பத்தில் ஒரு பங்கு. கொஞ்சம் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

விமானியின் முன்னால் இருக்கும் வேகமானி சக்கரத்தைக் கேட்பதே இல்லை என்பதும் எனக்குப் பிறகுதான் உறைத்தது. அது காற்றைக் கேட்கிறது. விமானத்தின் மூக்குப் பக்கத்தில் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய்க்குள் காற்று எவ்வளவு அழுத்தத்தோடு புகுகிறது என்பதிலிருந்துதான் வேகம் கணக்காகிறது. பிட்டோ குழாய் என்று பெயர். 1732இல் ஆன்ரி பிட்டோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சேன் ஆற்றில் நீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கச் செய்த கருவியின் வம்சம் அது. கிளம்பலாமா, நிறுத்தலாமா, எப்போது மூக்கைத் தூக்கலாம் என்று எல்லா முடிவும் அந்தக் குழாய் சொல்லும் எண்ணை வைத்துத்தான். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் உணரிகளும் பெரிய விமானங்களில் உண்டு, ஆனால் அவை பிரேக் பிடிக்கும்போது டயர் வழுக்காமல் பார்த்துக்கொள்வதற்காக.

முதல் விமானத்துக்குச் சக்கரமே கிடையாது என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம். 1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் கிட்டி ஹாக் அருகே ரைட் சகோதரர்கள் கிளப்பிய விமானம் சறுக்குக் கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. தரையில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டு, அதன் மேல் ஓடும் ஒரு சிறு தள்ளுவண்டியில் விமானத்தை வைத்தார்கள். விமானம் எழுந்ததும் தள்ளுவண்டி கீழேயே நின்றுவிட்டது. எதிர்க்காற்று மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த முதல் பறத்தல் 12 நொடியில் 36 மீட்டர் சொச்சம். கணக்குப் போட்டால் தரையைப் பொறுத்தவரை மணிக்குப் பதினொரு கிலோமீட்டர் வேகம். மெல்லோட்டம் ஓடுகிறவர்கள் தாண்டிவிடுவார்கள். அண்ணன் வில்பர் இறக்கை முனையைப் பிடித்தபடி கூடவே ஓடியதும் அதனால்தான் முடிந்தது. தரையைக் கேட்டால் அது ஓர் ஓட்டப் பந்தயம்கூட இல்லை. இறக்கையைக் கேட்டால் மணிக்கு ஐம்பது கிலோமீட்டரை ஒட்டிய காற்று. அந்தத் தண்டவாளத்தைப் பின்னால் இழுத்திருந்தால் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரங்கள் இன்னும் வேகமாகச் சுற்றியிருக்கும், வேறென்ன?

இரண்டாவது கார்

மதம் மாறியவனுக்குப் பக்தி அதிகம். அடுத்த மூன்று நாள் வீட்டில் யாரையும் விடவில்லை. சக்கரத்துக்கு இதில் வேலையே இல்லை, சக்கரம் சும்மா, பட்டை எத்தனை வேகம் ஓடினாலும் கவலையில்லை என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பிரசங்கம். பழைய பிரம்மாஸ்திரம் போய்ப் புதியது வந்துவிட்டது. அதையும் உடைத்தது அதே பையன்தான்.

இந்த முறை அவன் எடுத்து வந்தது வேறொரு கார். தரையில் வைத்து நாலு தரம் அழுத்தித் தேய்த்து விட்டால் உறுமிக்கொண்டு தானாக ஓடுமே, அந்த வகை. உள்ளே பல்சக்கரங்களின் வழியாக ஒரு கனமான இரும்புத் தட்டு வேகமாகச் சுற்றும், அந்தச் சுழற்சியில்தான் கார் ஓடும். "இதையும் கட்டிப் பாக்கலாம் மாமா" என்றான். அலட்சியமாகத்தான் கட்டினேன். ட்ரெட்மில்லை ஓட விட்டு, வேகத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்திக்கொண்டே போனேன். ரப்பர் பேண்டு நீண்டது. பிறகும் நீண்டது. அறுந்துவிடும் என்று பயந்து கையை எடுத்தேன். வேகம் ஒரே அளவில் நின்றதும் ரப்பர் மெதுவாகச் சுருங்கிப் பாதிக்கும் குறைவாக வந்தது. இப்போது வேகத்தைக் குறைத்தேன். அவ்வளவுதான், ரப்பர் தொளதொளவென்று தொங்கியது, கார் உறுமியபடி பட்டையை எதிர்த்துத் தானாகவே முன்னால் ஓடி முன்மூடியில் முட்டியது. பையன் கைதட்டினான். நான் அதை ஏழெட்டு முறை திரும்பத் திரும்பச் செய்தேன். பட்டை வேகமெடுக்கும்போது மட்டும் கார் பின்னுக்கு இழுக்கப்படுகிறது. சீராக ஓடும்போது விட்டுவிடுகிறது. வேகம் குறையும்போது வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிறது.

அப்போதுதான் கேள்வியின் இன்னொரு வடிவம் எனக்குப் புரிந்தது. இந்தப் புதிர் இரண்டு வாசகங்களில் உலவுகிறது, சண்டையில் பாதி அதனால்தான். ஒன்றில், பட்டை விமானத்தின் வேகத்துக்குச் சமமாகப் பின்னால் ஓடும். என் நண்பன் கேட்டது அது. விமானம் மணிக்கு 260 கிலோமீட்டரில் போனால் பட்டையும் 260இல் ஓடும், சக்கரம் 520இல் சுற்றும், விமானம் கிளம்பும். இன்னொன்றில், பட்டை சக்கரத்தின் வேகத்துக்குச் சமமாக ஓடும். படிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சக்கரத்தின் வேகம் என்பதே விமானத்தின் வேகத்தையும் பட்டையின் வேகத்தையும் கூட்டியது. அது பட்டையின் வேகத்துக்குச் சமம் என்று சொன்னால் விமானத்தின் வேகம் பூஜ்யம் என்று சொன்னதாகிவிடும். விமானம் நகராது என்று கேள்விக்குள்ளேயே ஒளித்து வைத்துவிட்டு, நகருமா என்று கேட்பது கள்ளாட்டம். பறக்காது என்போர் பலர் இந்த வாசகத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். பறக்கும் என்போர் முதல் வாசகத்தை. ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் தேர்வு எழுதிவிட்டு விடை தப்பு என்று அடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது வாசகத்தைக் கள்ளாட்டம் என்று ஒதுக்கியிருப்பேன், அந்த உறுமும் கார் மட்டும் இல்லையென்றால். சீரான வேகத்தில் ஓடும் பட்டையால் விமானத்தைப் பிடித்து வைக்க முடியாது. ஆனால் ஓயாமல் வேகம் கூடிக்கொண்டே போகும் பட்டையால், கொள்கையளவில், முடியும். சக்கரத்துக்கும் எடை உண்டு, அதன் சுழற்சியைக் கூட்ட விசை வேண்டும், அந்த விசை அச்சின் வழியாக விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். எவ்வளவு வேகம் கூட வேண்டும்? 737இன் சக்கரங்கள் எல்லாம் சேர்த்து 600 கிலோ என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், கணக்குக்காக அவற்றைச் சீரான தட்டுகளாக எண்ணிக்கொள்வோம். 24 டன் தள்ளுதலை ஈடுகட்டப் பட்டையின் வேகம் ஒவ்வொரு நொடிக்கும் மணிக்கு ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் கூட வேண்டும். முதல் நொடி முடியும்போதே ஒலியின் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பத்தாவது நொடியில் மணிக்கு 28,000 கிலோமீட்டர். சர்வதேச விண்வெளி நிலையம் பூமியைச் சுற்றுகிற வேகம் அது. இத்தனையும் ஒரு விமானத்தை நின்ற இடத்தில் நிறுத்தி வைக்க! இதைப் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வர வெகுநேரமாயிற்று. இன்னொரு வேடிக்கை, அத்தனை வேகத்தில் ஓடும் பட்டை தன் மேலிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு வரும். அது விமானத்துக்கு முன்னாலிருந்து அடிக்கும் காற்று. இறக்கைக்கு அது போதுமே.

டயர் என்ன சொல்லும் என்று இந்தச் சண்டையில் யாரும் கேட்பதில்லை என்பது என் குறை. சக்கரத்துக்கு வேலையே இல்லை என்று பிரசங்கம் செய்தேனே, நிஜ விமானத்தில் அது எடுபடாது. பெரிய விமானங்களின் டயர்களுக்கு வேக வரம்பு உண்டு. மணிக்கு 225 மைல், அதாவது 362 கிலோமீட்டர், பரவலாக இருக்கும் வரம்பு. கடல் மட்டத்தில் 260 சொச்சத்தில் எழும் விமானத்துக்கு இது தாராளம். பொலிவியாவின் எல் ஆல்டோ போல 4,000 மீட்டருக்கு மேல் இருக்கும் விமான நிலையத்தில் காற்று மெலிந்திருப்பதால், அதே தூக்குவிசைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் வேகம் ஓட வேண்டும். அங்கேயே அந்தத் தாராளம் சுருங்கிவிடுகிறது. நம் பட்டை மேல் ஓடும் விமானத்தின் டயர் 520இல் சுற்ற வேண்டும். வரம்பைத் தாண்டி நூற்றைம்பதுக்கும் மேல். ஆக முதல் வாசகத்துக்கே நேர்மையான பதில், கிளம்பும், ஆனால் அதற்குள் டயர் தாங்குமா என்பது சந்தேகம். இரண்டாவது வாசகத்திலோ பட்டை தொடங்கிய எட்டில் ஒரு பங்கு நொடிக்குள் டயர் தன் வரம்பைத் தொட்டுவிடும். தார்ப்பாய் மேல் பறந்த அந்தக் குட்டி விமானத்துக்கு இந்தக் கவலை இல்லை, அது எழும் வேகமே குறைவு.

அலைபேசி

பையன் ஊருக்குப் போய்விட்டான். ரப்பர் பேண்டு இன்னும் கைப்பிடியில் தொங்குகிறது, துணிகளுக்கு நடுவே. எனக்கு ஒரு பாக்கி இருந்தது. நண்பனைக் கூப்பிட்டுப் பேசி இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். வேறு வேலை, வேறு வட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தேன். நலம் விசாரித்து முடித்து, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தேன்.

"டேய், அந்த கன்வேயர் பெல்ட் விமானம் ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? ரெண்டு வாரம் சண்டை போட்டோமே."

"நீ சொன்னதுதான்டா சரி. அது பறக்கும். நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு சிரித்தான்.

"என்னடா சொல்ற? பறக்காதுடா. நீதானே எனக்கே புரிய வச்ச? அதுக்கப்புறம் நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? போன மாசம்கூட என் பொண்ணு ஸ்கூல்ல இதே கேள்வி வந்து, அவ போய் டீச்சர்கிட்டயே வாதாடி ஜெயிச்சுட்டு வந்தா."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பொம்மைக் கார், விரல், ரப்பர் பேண்டு என்று எங்கிருந்தோ ஆரம்பித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டான். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், பேச்சை முடித்து வைக்கிற தொனியில், நான் சொல்லும்போது எப்படி நிறுத்தி நிறுத்திச் சொல்வேனோ அதே மாதிரி, கேட்டான்:

"அதெல்லாம் சரிடா. ட்ரெட்மில்ல ஓடுறப்ப முகத்துல காத்து அடிக்குதா?"